ஒவ்வாமை: சொல் விளக்கம்

'அலர்ஜி' என்ற சொல்லை 1906-இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. கிரேக்கத்தில் 'அல்லோஸ்' வேறு, 'எர்கான்' செயல். குதிரைச் சீரம் ஊசி போட்ட குழந்தைகளுக்கு முதல் தடவை பல நாள் கழித்து வந்த தடிப்பும் காய்ச்சலும், மறு ஊசிக்கு விரைந்து வந்தன. ஒருமுறை சந்தித்த பொருளிடம் உடல் வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதே அவர் கருதிய பொருள்.

தமிழில் ஒவ்வாமை. 'ஒவ்வு', அதாவது இணங்கு, என்பதன் எதிர்மறை. நல்ல சொல்தான், ஆனால் பால் செரிக்காததையும் இதே சொல்லால் குறிக்கிறோம். அது லாக்டேஸ் நொதியின் குறை, நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அதில் வேலையில்லை. அந்த மண்டலமே அளவு மீறி உடலுக்குக் கேடு செய்வதற்கு 'மிகையுணர்திறன்' என்பதே சரி. ஜெல், கூம்ஸ் என்ற பிரிட்டிஷ் நோயெதிர்ப்பியல் அறிஞர்கள் இருவரும் 1963-இல் அதை நான்காக வகுத்தனர். அன்றாடம் நாம் அலர்ஜி என்பது பெரும்பாலும் முதல் வகையும் நான்காம் வகையும்தான்.

முதல் வகையில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் (உடல் தற்காப்புக்குச் செய்யும் புரதம்), திசுக்களில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்புச் செல்கள் மேல் முன்கூட்டியே ஒட்டியிருக்கும். இறாலோ பெனிசிலினோ மறுபடி வந்து அதில் பிணைந்தால், நிமிடங்களில் அந்தச் செல்கள் அரிப்பும் வீக்கமும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டும். காணாக்கடி, அதாவது தோலில் திடீரென எழும் அரிப்புத் தடிப்பு, இப்படியும் வரலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ சேர்ந்தால் செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை போதாது. பெரியவர்களுக்குத் தொடைத் தசையில் 0.5 மி.கி. அட்ரினலின் உடனே போட வேண்டும்.

நான்காம் வகையில் எதிர்ப்பொருளே கிடையாது, டி செல்கள் என்ற வெள்ளணுக்கள்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடுவோருக்கும் சிமென்ட் கலக்கும் கொத்தனாருக்கும் கையில் வரும் கரப்பான் என்னும் தோல் அழற்சிக்குக் குரோமியம் ஒரு முக்கியக் காரணம். குரோமிய அயனி மிகச் சிறியது, தனியாக அதை டி செல் அடையாளம் காணாது. தோலின் புரதத்தோடு ஒட்டிய பிறகே அது அந்நியமாகத் தெரியும். ஏற்கெனவே அதற்கு ஒவ்வாமை ஏற்பட்டுவிட்ட உடலில் பட்டு 48 முதல் 72 மணி நேரம் கழித்து அரிப்பு உச்சத்துக்கு வரும். அதனால்தான் பலர் அன்று தின்ற கத்தரிக்காயைக் குறை சொல்கிறார்கள், திங்கட்கிழமை தொட்ட தோலை மறந்துவிடுகிறார்கள். வயல்வரப்புப் பார்த்தீனியச் செடியால் வரும் அரிப்பும் இதே வகை.

சோதனையும் வேறு. முதல் வகைக்கு ஊசிக்குத்துச் சோதனை, 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு. அதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பே, மருத்துவரிடம் கேட்டு, அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும். நான்காம் வகைக்கு சந்தேகப்படும் பொருள் வைத்த ஒட்டுப்பட்டையை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் நனையாமல் வைத்து, எடுத்த பிறகு ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். மருத்துவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.