காஸ்பிளே: தமிழில் புனைகோலம்

கதையிலோ படத்திலோ வரும் ஒரு கற்பனைப் பாத்திரம் போலவே உடையணிந்து நிற்கிற கலைதான் காஸ்பிளே. சொல்லைக் கேட்டதும் ஆங்கிலம் என்றுதான் தோன்றும், ஆனால் அது பிறந்தது ஜப்பானில். காஸ்ட்யூம், பிளே என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை எடுத்து, இரண்டுக்கும் தலையை மட்டும் வைத்துக்கொண்டு ஒட்டி 'கொசுபுரே' ஆக்கினார்கள். பாக்கெட் மான்ஸ்டர் போக்கெமான் ஆனதும் பெர்சனல் கம்ப்யூட்டர் 'பசோகொன்' ஆனதும் இதே வழியில்தான். அப்புறம் அந்தச் சுருக்கம் ஆங்கிலத்துக்கே திரும்பிப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தது.

சொல்லை உருவாக்கியவர் நொபுயுகி தகஹாஷி என்ற ஜப்பானியர். அமெரிக்க அறிவியல் புனைகதை மாநாடுகளில் இதை மாஸ்கரேட் என்பார்கள். அதை அப்படியே ஜப்பானியத்தில் பெயர்த்தால் பழைய காலத்துப் பிரபுக்கள் வீட்டு விருந்து மாதிரி ஒலிக்கிறதே என்று வேறு சொல் தேடினார். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டுக்குப் போய்வந்த பிறகுதான் சொல்லைப் படைத்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும், அது சரியில்லை. 'மை அனிமே' இதழின் 1983 ஜூன் பதிப்பிலேயே சொல் அச்சேறிவிட்டது. வழக்கமோ இன்னும் பழையது. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன், மர்ட்டில் டக்ளஸ் என்ற இரண்டு அமெரிக்க ரசிகர்கள் எதிர்கால மனிதர்களின் உடையில் போனார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் மர்ட்டில்தான், ஆனாலும் அக்கர்மன் பெயர்தான் முதலில் வருகிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி பொருள். 'பிளே' என்பதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். ஆங்கில நாடக உலகில் காஸ்ட்யூம் பிளே என்றால் பழங்கால உடையணிந்து நடிக்கும் நாடகம், எனவே இங்கே பிளே என்பது நாடகம். இது சின்ன வித்தியாசம் இல்லை. உடையை மாட்டிக்கொண்டால் மட்டும் காஸ்பிளே ஆகாது, அந்தப் பாத்திரம் எப்படி நிற்கும், யாரை எப்படிப் பார்க்கும், வாளை எந்தக் கையில் பிடிக்கும் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் ஆகும். ஆனால் மேடை இல்லை, கதை இல்லை, வசனமும் இல்லை. கேமரா எதிரே நிற்கிற அந்த ஒரு நொடிதான் முழு நாடகமும். அதனால்தான் காஸ்பிளேயில் படம் எடுப்பது ஏதோ நினைவுக்காக எடுத்து வைக்கிற வேலை இல்லை என்கிறேன், படம் எடுப்பவரும் நாடகத்தில் பாதி.

ஜப்பானியர்கள் இந்தப் பாதிக்கும் சொல் வைத்திருக்கிறார்கள். காஸ்பிளேயர் சுருங்கி 'ரெய்யா' ஆயிற்று. படம் எடுக்கிறவர் 'கமெகோ'. கேமரா கொஸோ, அதாவது கேமராப் பையன் என்பதன் சுருக்கம், கொஞ்சம் இளக்காரமும் ஒட்டிய சொல். டோக்கியோவில் 1975 முதல் நடக்கிற காமிக் மார்க்கெட் என்ற ரசிகர் சந்தையில் ஒருவரைச் சுற்றி வட்டமாக நின்று படம் எடுப்பதற்குப் பெயர் 'ககொமி', சூழ்தல் என்று பொருள். கூட்டம் பெருகினால் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி வட்டத்தைக் கலைத்துவிடுவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சொல் 'மெசென்', கண் பார்க்கும் திசை. 'மெசென் கொடுங்கள்' என்று கேட்டால் ரெய்யா உங்கள் லென்ஸை மட்டும் பார்ப்பார்.

இதன் அருமை எனக்கு விக் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது. அதுவரை நான் கேமராவுக்குப் பின்னால் மட்டுமே இருந்தவள், இன்னொன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு முறை நானே ஃபோம் கவசம் செய்து போட்டுக்கொண்டு போனேன். உட்கார முடியாது, தண்ணீர் குடிக்க இன்னொருவர் உதவி வேண்டும், ஒரே நேரத்தில் ஆறு பேர் ஆறு திசையில் இருந்து கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து கேட்காமல் படம் எடுப்பதில்லை, மூன்று கிளிக்குக்கு மேல் நிற்க வைப்பதில்லை, எடுத்ததும் திரையைத் திருப்பிக் காட்டிவிடுவேன். கவசத்தில் எந்தப் பக்கம் ஒட்டு தெரியும் என்று போட்டவருக்குத்தான் தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் நினைவுக்கு வருவது மாறுவேடம், பள்ளி ஆண்டு விழாவின் மாறுவேடப் போட்டி. ஆனால் மாறுவேடம் என்பது நம்மை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று போடுவது. ராஜா இரவில் நகர்வலம் போவாரே, அது. காஸ்பிளேயில் நோக்கமே எதிர், பார்த்ததும் இன்னார் என்று கண்டுகொள்ள வேண்டும். வெறும் வேடம் என்றால்? குலசேகரன்பட்டினம் தசராவில் நேர்ந்துகொண்டு காளி வேடம் போடுகிறவர்களிடம் அந்தச் சொல் உயிரோடும் மரியாதையோடும் இருக்கிறது. ஆனால் பேச்சில் 'வேஷம் போடாதே' என்றால் ஏமாற்றாதே என்றுதான் அர்த்தம், வேடதாரி என்பது வசவு. ஆசையாக ஒன்றைச் செய்கிறவருக்கு அந்தக் கறை வேண்டாம். ஒப்பனை நல்ல சொல், ஒப்பு என்ற வேர் பொருத்தமாகவே இருக்கிறது, என்றாலும் இன்று அது மேக்கப்போடு நின்றுவிட்டது.

எனக்குப் பட்டது கோலம். வாசலில் போடுகிற கோலத்தைத் தாண்டி, தோற்றம், உருவம் என்ற பொருள் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: மணக்கோலம், போர்க்கோலம். கேரளத்தில் தெய்யம் ஆடுபவர் ஏற்கும் உருவமும் கோலம்தான், இலங்கையில் சிங்கள முகமூடி நாடகத்துக்கும் கோலம் என்றே பெயர். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் எயினர் என்ற வேடர்கள் ஒரு பெண்ணைக் கொற்றவையாகவே கோலங்கொள்ள வைக்கிறார்கள்: பன்றிக்கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல்லைத் தாலியாகக் கட்டி, புலித்தோலை உடுத்தி, கையில் வில் கொடுத்து, கலைமான் மேல் ஏற்றி. கையில் கிடைத்த பொருளை வைத்து இன்னொன்றைச் செய்கிற அந்தப் பன்றிக்கொம்புப் பிறையைப் படிக்கும்போதெல்லாம் யோகா பாயை வெட்டிக் கவசம் செய்கிற என் தோழிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

கோலத்தோடு ஆட்டத்தைச் சேர்த்தால் கோலாட்டம் என்று வேறெங்கோ போய்விடும். அதனால் முன்னே 'புனை' சேர்க்கிறேன். புனைதல் என்றால் அணிதல், அழகுபடுத்தல். கற்பனையாகப் படைத்தலும் அதுவே, புனைகதை, புனைபெயர் போல. கற்பனைப் பாத்திரத்தை உடம்பில் அணிகிற கலைக்குப் புனைகோலம் என்றால் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. செய்கிறவர் புனைகோலர், எடுப்பது புனைகோலப் படம். மெசெனுக்குத் தனிச்சொல் தேட வேண்டாம், 'கண்ணு இங்க' என்று நம் ஊர் ஸ்டுடியோக்காரர் எப்போதோ சொல்லிவிட்டார்.

நான் எடுக்கிற படங்களுக்கு அடியில் இப்போது இப்படித்தான் போடுகிறேன்: புனைகோலம் என்று எழுதி அவர் பெயர், அதற்குக் கீழே படம் என்று எழுதி என் பெயர்.