சர்க்கரை நோயில் கால்வீக்கம்: நீர் மாத்திரைக்கு முன் காரணத்தைத் தேடுவோம்

சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவருக்கு மாலை நேரத்தில் கால் வீங்கத் தொடங்கினால், நம் ஊரில் பெரும்பாலும் முதலில் நடப்பது மருந்துக் கடையில் நீர் மாத்திரை கேட்டு வாங்குவதுதான். உறவினர் யாருக்கோ எழுதித் தரப்பட்ட ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை இவருக்கும் இரண்டொரு நாளில் வீக்கத்தை வடித்துவிடுகிறது. வடிந்துவிட்டதால் காரணத்தைத் தேட வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. சிறுநீரகமோ இதயமோ வெகுவாகப் பழுதுபட்ட பிறகு என்னிடம் வருபவர்கள் பலர், இப்படி நீர் மாத்திரையிலேயே பல மாதங்களைக் கழித்தவர்கள். இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, தலைசுற்றி விழுந்து வருபவர்களும் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது சிறுநீரகத்தை. இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருக்க ஆல்புமின் என்ற புரதம் தேவை. பல ஆண்டுகள் உயர்ந்திருந்த சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சிறுநீரக வடிகட்டிகளைச் சிதைக்கும்போது, அந்தப் புரதம் சிறுநீரில் கசிகிறது. உப்பும் நீரும் உடலில் தங்கிவிடுகின்றன. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப் பொருள். சிறுநீரில் அதன் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக ஆல்புமின் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை இருந்தால் ஆரம்பக் கசிவு. 300-ஐத் தாண்டினால் பாதிப்பு முற்றிவருகிறது. ஆரம்பக் கசிவு காலை வீங்கவைக்காது, இரத்தக் கிரியாட்டினினும் அப்போது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வீக்கம் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கக்கூடிய இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளாமல் இத்தனை பேர் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சிறுநீரகம் தளரும்போது இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்குவதால், சர்க்கரை அளவு தானாகவே இறங்கவும் கூடும். கால் வீங்கியிருக்கும் வேளையில் சர்க்கரை இறங்குவதைக் கண்டு, நோய் குணமாகிவருகிறது என்று மகிழ்ந்து மருத்துவரைப் பார்ப்பதையே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

அடுத்தது இதயம். படுத்தால் மூச்சு முட்டுவது, தலையணையை உயர்த்திக்கொள்ள நேர்வது, மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ எடை கூடுவது ஆகியவை வீக்கத்துடன் சேர்ந்தால், இதயத்தை ஒலி அலைகளால் படமெடுத்துப் பார்க்கும் எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சுவலி இல்லையே என்ற ஆறுதல் சர்க்கரை நோயாளிக்குப் பொருந்தாது. நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு மாரடைப்பே வலியின்றி வரலாம். சிறுநீரகம், இதயம் இரண்டையும் காக்க உதவும் டாபாகிளிஃப்ளோசின், இந்தியாவில் 2020-இல் காப்புரிமை முடிந்த பிறகு விலை குறைந்து பலருக்கும் எட்டும் மருந்தாகிவிட்டது. காரணம் தெரிந்தால் இன்று செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

நாம் உட்கொள்ளும் மாத்திரைகளே காலை வீங்கவைக்கலாம் என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின், சர்க்கரைக்குத் தரப்படும் பியோகிளிட்டசோன், பாத எரிச்சலுக்குத் தரப்படும் பிரெகாபாலின், மூட்டுவலிக்குத் தாமாகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் ஆகிய நான்கும் இதில் அடங்கும். பாத எரிச்சலுக்கு ஒரு மருத்துவர் எழுதிய மாத்திரையால் வந்த வீக்கத்துக்கு, அதை அறியாத இன்னொரு மருத்துவர் நீர் மாத்திரை எழுதித் தரும் நிலையை நான் அடிக்கடி காண்கிறேன். ஆகவே யாரிடம் சென்றாலும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அதே வேளையில், வீக்கத்துக்குப் பயந்து எல்லா மருந்தையும் தாமாக நிறுத்துவது பெருந்தவறு. மாற்று மருந்து எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். விரலிடுக்கு வெடிப்பு வழியே கிருமி புகுந்திருக்கலாம். பாதம் சிவந்து, மற்றக் காலைவிடச் சூடாக இருந்தும் வலி அதிகம் இல்லையென்றால், அது ‘சார்க்கோ பாதம்’ ஆகவும் இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கும் அந்தப் பாதத்தில், வலி தெரியாத காரணத்தால் நோயாளி தொடர்ந்து நடந்து அதன் வடிவத்தையே நிரந்தரமாக இழந்துவிடுகிறார். நடையை நிறுத்தி உரிய காலத்தில் மாவுக்கட்டுப் போட்டால் பாதத்தைக் காப்பாற்ற முடியும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் உப்பைக் குறைப்பதே முதன்மையானது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அதற்காகச் சோடியம் குறைந்த உப்பை வாங்கிவிடக் கூடாது. அதில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். தண்ணீரைக் குறைப்பதும் மருத்துவர் சொன்னால் மட்டுமே.

கால் மரத்துப்போனவர்கள் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். சூடு உறைக்காமல் தோல் வெந்து, கொப்புளம் புண்ணாகி, விரலை இழக்கும் வரை சென்றதைக் கண்டிருக்கிறேன். அழுத்தக் காலுறையையும் தாமாக வாங்கி அணியக் கூடாது. காலுக்கு இரத்த ஓட்டம் போதுமான அளவு இருக்கிறதா என்று பரிசோதித்த பிறகே அணியலாம். மெட்டி அணியும் பெண்கள், வீக்கம் தொடங்கிய அன்றே அதைக் கழற்றிவிடுவது நல்லது. கழற்றத் தயங்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் வீட்டிலுள்ளவர்கள் பரிவோடு எடுத்துச் சொல்லுங்கள். கழற்ற வராத அளவுக்கு இறுகிவிட்டிருந்தால், இழுத்துத் தோலைக் கிழிக்காமல் மருத்துவமனையில் வெட்டி எடுத்துவிடலாம்.