டஸ்ட் கலெக்டர் வைத்திருக்கும் மரப் பட்டறைகளுக்கு

பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்தது) பலகைகளில் அலமாரியும் சமையலறை வேலையும் செய்யும் பட்டறைகள் பெருகிய பிறகு, டஸ்ட் கலெக்டர் இல்லாத இடத்தைப் பார்ப்பது குறைந்துவருகிறது. தொழிலகப் பாதுகாப்பு ஆய்வுக்காகப் போகும்போது உரிமையாளர்கள் பெருமையோடு முதலில் காட்டுவதும் அதைத்தான். "மூணு எச்.பி. சார், தூசிங்கிற பேச்சே இல்ல" என்பார்கள். அறை முழுவதும் பரவிக் கிடந்த தூளை ஒரே பைக்குள், காற்றோடு கலந்து, வேகமாகச் சுழலும் இம்பெல்லர் என்ற விசிறிச் சக்கரத்தின் வழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. அப்படிச் சேர்த்த பிறகு பட்டறையிலேயே அதிகக் கவனம் தேவைப்படும் இடம் அந்தப் பைதான் என்பதை, ரம்பத்துக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் அனுபவசாலிகளான ஆசாரிகள்கூட யோசிப்பதில்லை.

முதலில் மூச்சைப் பற்றிப் பேசுவோம். இழைப்பு மெஷினிலிருந்து விழும் சுருளும் கரடுமுரடான தூளும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. நுரையீரலின் ஆழம்வரை போவது 10 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான நுண்தூசி. உப்புத்தாள் போடும்போதும், எம்.டி.எஃப். பலகையை ரூட்டரில் வெட்டும்போதும் அதிகமாக எழுவது இதுதான். இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் நாற்காலி, மேசை செய்த தொழிலாளர்களிடையே மூக்கறைப் புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் காணப்பட்டதை 1960களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் பிரிவு அது. தேக்கும் ஈட்டியும் அறுக்கும் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வருவது இதற்கு மேல்.

இங்கேதான் மலிவான இயந்திரங்கள் ஏமாற்றுகின்றன. பல மாடல்களோடு வரும் துணிப்பை 30 மைக்ரான் அளவுக்கே வடிகட்டும். பெரிய தூள் உள்ளே தங்கிவிடும். நுண்தூசி பையின் நெசவு வழியாக வெளியேறி, மின்விசிறியின் வேகத்தோடு அறை முழுக்கப் பரவும். தரை சுத்தமாகத் தெரிவதால் அதுவரை கட்டிவந்த முகக்கவசத்தையும் தொழிலாளர்கள் கழற்றிவிடுகிறார்கள். இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பைக்குப் பின்னால் ஒரு நல்ல டார்ச்சைப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். பகலில் ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிந்த இடத்தில், பையின் மேற்பாதியிலிருந்து புகைபோல மெல்லிய தூசி கசிந்துகொண்டிருக்கும். பல உரிமையாளர்களை ஒரு மைக்ரான் பைக்கோ கார்ட்ரிட்ஜ் ஃபில்டருக்கோ மாறவைத்தது என் அறிக்கையைக் காட்டிலும் இந்தக் காட்சிதான். நல்ல ஃபில்டர் போட்டாலும், பை மாற்றும்போதும் உப்புத்தாள் வேலையின்போதும் என்95 முகக்கவசம் தேவை. முகத்தைச் சுற்றிக் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது.

நுண்ணிய ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் உறிஞ்சும் வேகம் குறையும். ஆனால் மோட்டார் அதே சத்தத்தோடுதான் ஓடும். அதனால் ஃபில்டருக்கு முன்பக்கமுள்ள அழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் ஒரு மானோமீட்டர் அவசியம் என்பேன். யூ வடிவில் வளைத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கலெக்டரில் பொருத்தினாலே போதும். புது ஃபில்டர் போட்ட நாளில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துவையுங்கள். வித்தியாசம் அதைப்போல இரண்டு மடங்கை நெருங்கும்போது ஃபில்டரைச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

குழாய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மரத்தூள் வழியில் தேங்காமல் போக, குழாய்க்குள் காற்று நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் 4 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு சுமார் 350 கன அடி காற்றும், 6 அங்குலக் குழாயில் 800 கன அடிக்குச் சற்றுக் குறைவாகவும் போகும். ஒவ்வொரு மெஷினுக்கும் போகும் குழாயை மூடித் திறக்கும் கேட்டுகளை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவைத்தால் எந்தக் குழாயிலும் வேகம் இருக்காது, தூள் வளைவுகளில் படிந்துவிடும். அப்படிப் படிந்த தூள்தான் பின்னால் தீ பரவும் பாதை.

இனி தீ. காய்ந்த மரத்தூள் காற்றில் மிதக்கும்போது வெடிக்கக்கூடியது. ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 40 முதல் 60 கிராம் நுண்தூள் கலந்தாலே போதும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2012 ஜனவரியில் பர்ன்ஸ் லேக்கிலும், அதே ஆண்டு ஏப்ரலில் பிரின்ஸ் ஜார்ஜிலும் இரண்டு மரஅறுப்பு ஆலைகள் மரத்தூள் வெடித்துச் சிதறின. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இறந்தார்கள், இருபதுக்குக் குறையாதவர்கள் காயமடைந்தார்கள். இங்கிலாந்தின் பாஸ்லியில் மரமாவு அரைக்கும் ஆலையில் 2015 ஜூலையில் நேர்ந்த வெடிப்பில் நான்கு பேர் இறந்தார்கள். அவை பெரிய ஆலைகள்தாம், நம் பட்டறை சிறியதுதான். ஆனால் தூள், ஆக்சிஜன், தூள் காற்றில் கலந்திருத்தல், அடைபட்ட இடம், தீப்பொறி ஆகிய ஐந்தும் சேர்ந்தால் வெடிப்பு என்பது எல்லா இடத்துக்கும் பொது. ஓடும் கலெக்டருக்குள் முதல் நான்கும் பெரும்பாலும் இருக்கின்றன. ஐந்தாவது வராமல் பார்த்துக்கொள்வதே நம் கையில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்த ஐந்தாவதுக்கு ஒரு தனி வழி உண்டு. பழைய வீடுகளை இடித்து எடுத்த தேக்குக்கு இங்கே நல்ல மதிப்பு. அந்த உத்தரத்திலும் நிலைக்கதவிலும் தலை உடைந்து உள்ளேயே தங்கிய ஆணிகள் இருக்கும். இழைப்பு மெஷின் அந்த ஆணியைச் சிதைத்து, சூடான இரும்புத் துண்டாகக் குழாய்க்குள் அனுப்புகிறது. ஒற்றை நிலைக் கலெக்டரில் எல்லாமே இம்பெல்லர் வழியாகத்தான் பைக்குப் போகும். இரும்பு இறக்கையில் இரும்பு மோதினால் பொறி பறக்கும். எனவே பழைய மரத்தை மெட்டல் டிடெக்டரால் தடவிப் பார்த்த பிறகே மெஷினில் விட வேண்டும். ஃபேனுக்கு முன்னால், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோனோ, கனமான துண்டுகள் விழுந்து தங்கும் டிரம்மோ வைப்பது இன்னும் நல்லது. கீல், அலுமினியச் சட்டம், போல்ட் ஆகியவற்றை அறுக்கும் கிரைண்டரையோ கட்டிங் மெஷினையோ மரத்தூள் குழாயோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது. எளிதில் தீப்பற்றும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், சாண்டிங் சீலர் பூசிய பரப்பைத் தேய்த்த தூளைச் சாதாரண மரத்தூளோடு பையில் கிடக்க விடாமல் அன்றன்றே அகற்ற வேண்டும்.

தூள் குழாயில் உரசுவதால் சேர்ந்து பொறியாகக்கூடிய நிலைமின்சாரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பி.வி.சி. குழாய் மலிவு, ஆனால் அது மின்சாரம் கடத்தாததால், அதற்குள் சேரும் நிலைமின்சாரத்தை வெளியில் ஒரு கம்பி சுற்றி முழுவதுமாக இறக்கிவிட முடியாது. புதிதாகப் போடுபவர்கள் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுக் குழாய் போட்டு, இணைப்புகளைக் கம்பியால் ஒன்றோடொன்று சேர்த்து எர்த் செய்வதே சரி. வளையும் ஹோஸின் சுருள்கம்பியை இரு முனையிலும் உரித்து உலோகத்தோடு இறுக்க வேண்டும். நான் பார்க்கும் பட்டறைகளில் பெரும்பாலும் இது விட்டுப்போயிருக்கும்.

கலெக்டரை எங்கே வைப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 664 தரநிலை (2024 இறுதியில் 660ஆம் தரநிலைக்குள் சேர்க்கப்பட்டது), கூடு இல்லாத துணிப்பைக் கலெக்டரைக் கட்டடத்துக்குள் வைப்பதற்கு விதித்த நிபந்தனைகளில், தூளை நாள்தோறும் அகற்றுவதும், ஆட்கள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்தும் வெளியேறும் வழியிலிருந்தும் 20 அடி தள்ளி வைப்பதும் அடங்கியிருந்தன. நம் பட்டறைகளில் அது பெரும்பாலும் கதவோரத்தில்தான் நிற்கிறது. குளிர்நாடுகளில் அறையின் வெப்பம் வீணாகாமலிருக்கச் சுத்திகரித்த காற்றை உள்ளேயே திருப்பி விடுகிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பின்பக்கச் சுவருக்கு வெளியே, மழை படாத தகரக் கூரையின் கீழ், அக்கம்பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு எதிராக இல்லாமல் வைத்தால் நுண்தூசியும் தீயும் ஒருசேர விலகும்.

2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948லேயே 14ஆம் பிரிவில் தூசியையும், 37ஆம் பிரிவில் வெடிக்கும் தூசியையும் பற்றிப் பேசிவிட்டது. நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறை அந்தச் சட்டத்தின் தொழிலாளர் எண்ணிக்கைக்குள் வரவில்லை. இத்தகைய சிறு பட்டறைக்கு அரசு ஆய்வாளர் வருவது அரிது. முதலாளியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுத்தம் செய்யும் முறையிலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். மாலையில் கம்ப்ரசர் துப்பாக்கியால் மூலை முடுக்கெல்லாம் ஊதிவிடுவது, படிந்திருந்த தூளைத் திரும்பவும் மேகமாக எழுப்புகிறது. முதல் சிறு வெடிப்பு உத்தரத்திலும் ட்யூப்லைட் மேலும் படிந்த தூளை உதறிவிட, இரண்டாவது வெடிப்பு பெரிதாக நேர்வதே இத்தகைய விபத்துகளின் வழக்கம். வேக்குவம் கிளீனரோ ஈரத் துணியோ போதும். சுவிட்ச் போர்டுக்குள் சேரும் தூளையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அகற்றுங்கள்.

அடைப்பு எடுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இம்பெல்லர் முழுவதும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் அது வெகுநேரம் சுழலும். ஹோஸைக் கழற்றி உள்வாயில் கைவிட்டு விரல் இழந்தவர்கள் உண்டு.

பையிலிருந்து கருகும் வாசனை வந்தால் மோட்டாரை உடனே நிறுத்துங்கள். ஃபேன் ஓடுவது கனலுக்கு ஊதுவதற்குச் சமம். பையைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும், ஏனெனில் திறந்ததும் தூள் எழும்பி, காற்றும் சேர்ந்து, கனல் சுடராகிவிடும். மெயின் சுவிட்சை அணைத்து, ஆட்களை வெளியே அனுப்பி, 101க்கு அழைத்துவிடுங்கள். நீரைப் பீய்ச்சி அடித்தாலும் தூள் கிளம்பும் என்பதால், தூரத்திலிருந்து மெல்லிய தூவலாகப் பையின் வெளிப்பக்கத்தை நனைப்பதற்கு மேல் எதையும் செய்ய வேண்டாம். அணைந்துவிட்டதுபோலத் தோன்றும் பையையும் அன்றிரவு கட்டடத்துக்குள் வைக்காதீர்கள். மரத்தூளின் நடுவில் கனல் பல மணி நேரம் ஒளிந்திருக்கும்.