பிக்கப்பை உயர்த்துவது வேறு, சஸ்பென்ஷன் போடுவது வேறு

போன வாரம் ஒரு பிக்கப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பின்பக்க இடது சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நாலு விரல் அளவுக்குப் பின்னால் போய், மட்கார்டு ஓரத்தில் உரசி, டயரின் பக்கச்சுவர் முழுக்கக் கீறல். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். லீஃப் கட்டின், அதாவது அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங்கின், சென்டர் போல்ட் அறுந்திருந்தது. கட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே உயரத்துக்காக வைத்த 2 இன்ச் பிளாக் கோணலாக நின்றது. கட்டை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் நட்டுகளில் இரண்டு, வெறும் விரலாலேயே திரும்பின. மரையில், பழைய நட்டு உட்கார்ந்திருந்த இடம் துருக்கோடாகத் தெரிந்தது. வேறு ஏதோ வண்டியில் கழற்றிய யூ போல்ட்டை எடுத்து இதில் போட்டிருக்கிறார்கள்.

“வேலை முடிஞ்சு நாலு நாள்தாண்ணே ஆச்சு. பிள்ளைங்க பின்சீட்ல இருந்தாங்க” என்றார் வண்டிக்காரர். அவர் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் மெதுவாகத் திரும்பும்போது நடந்ததால் யாருக்கும் அடி இல்லை.

இந்த மாதிரி வண்டி வருவது இது முதல் முறை இல்லை. பூட் என்கிற ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் பூராவும் வெளியே தெறித்த ஆக்சில், சக்கரத்தை மேலே பிடிக்கும் அப்பர் ஆர்ம் மோதி மோதிப் பள்ளம் விழுந்த காயில் ஸ்பிரிங், இழுபட்டு வெடிக்கும் நிலையில் இருந்த பிரேக் ஹோஸ் என்று வரிசையாகப் பார்த்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை இன்ச் ஏத்தலாம்?” என்பதுதான். வண்டியில் எவ்வளவு எடை ஏற்றுவீர்கள், எந்த மாதிரிப் பாதையில் ஓட்டுவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், சம்பந்தமில்லாததைக் கேட்ட மாதிரி பார்க்கிறார்கள். உயரம்தான் பலம் என்ற எண்ணம் எப்படியோ எல்லோர் மனதிலும் ஊறிவிட்டது. முதலில் அதை உடைக்க வேண்டும்.

பின்பக்கம் கட்டை ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே கட்டை) இருக்கிற பிக்கப்பில், தரைக்கு மிக அருகில் இருப்பது அதன் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் உருண்டை. பாறையில் இடிப்பது அதுதான். உருண்டை ஆக்சிலோடு சேர்ந்தது, ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கில் 2 இன்ச் ஏற்றினால் சேஸிஸ் உயரும், கேபின் உயரும், நீங்கள் உட்காரும் சீட் உயரும். உருண்டை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும், ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. அதை உயர்த்தச் சாதாரணமாக உள்ள ஒரே வழி பெரிய டயர். 31 இன்ச் டயரைக் கழற்றி 33 போட்டால், விட்டத்தில் பாதிதான் ஆக்சிலுக்குக் கீழே வரும் என்பதால், உருண்டைக்குக் கிடைப்பது 1 இன்ச். அந்த 1 இன்ச்சுக்கு விலையும் உண்டு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் ஏறத்தாழ 106இல் போவீர்கள். கனமான பெரிய டயரை நிறுத்த பிரேக் அதிகம் உழைக்கும். எஞ்சின் இழுவை மந்தமாகத் தெரியும்.

அப்படியென்றால் உயர்த்துவதில் பலனே இல்லையா? இருக்கிறது. மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காது, வரப்பைத் தாண்டும்போது வண்டியின் வயிறு தட்டாது, பெரிய டயர் சுழல இடம் கிடைக்கும். அதற்கெல்லாம் 2 இன்ச் தாராளம். அதற்கு மேல் போகப் போக வண்டியின் ஈர்ப்பு மையமும் கூடவே மேலே போகிறது. பக்கச் சரிவில் கவிழும் எல்லை நெருங்கி வருகிறது. காட்டுப் பாதையில் வண்டி புரண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்னும் 2 இன்ச் உயரம் இருந்திருக்கலாமே என்று ஒருவரும் சொல்லமாட்டார்.

மேடுபள்ளத்தில் உண்மையில் வேலை செய்வது சக்கரத்தின் பயணம். நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் எவ்வளவு மேலே போகிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் கணக்கு. பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தரையைத் தொட்டால்தான் பிடிமானம். சீக்கிரம் உயரம் வேண்டும் என்று ஸ்பேஸர் என்கிற இடைத்தட்டு வைக்கிறவர்கள் இந்தக் கணக்கில்தான் கை வைக்கிறார்கள்.

முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேஸரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட் லோயர் ஆர்மின் நுனியில் இல்லாமல் நடுவாக்கில் பிடித்திருப்பதால், பல வண்டிகளில் 1 இன்ச் தட்டு வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ 2 இன்ச் ஏறிவிடும். ஷாக் அதேதான், ஸ்பிரிங் அதேதான், பயணத்தின் அளவும் அதேதான். அந்த முழுப் பயணமும் அப்படியே கீழே தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஆர்ம்கள் கம்பெனி நினைத்துப் பார்க்காத கோணத்துக்குப் போகின்றன. பால் ஜாயிண்ட் அதன் எல்லையில் போய் முட்டுகிறது. டிரைவ் ஆக்சில் அதிகமாகச் சாய்ந்து பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்கின்றன. அப்பர் ஆர்ம் காயிலைத் தொடுகிறது. சக்கரம் மேலே எழும்பும்போதும் ஆபத்துதான்: ஆர்ம், பம்ப் ஸ்டாப் என்கிற தடுப்பு ரப்பரில் உட்காருவதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் போய் இடிக்கும். நல்ல ஷாக் நாலைந்து மாதத்தில் எண்ணெய் கசியத் தொடங்கும். அப்புறம் “ஷாக் மட்டம்” என்று அதைத் திட்டுவார்கள்.

ஸ்பிரிங்குக்கும் அதன் தட்டுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேஸர் வேறு மாதிரி கெடுக்கும். அதில் வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் பாதிக்கு மேல் நீண்டு நிற்கும். சிறு குழியில் சக்கரம் இறங்கினால்கூட ஷாக் இழுபட்டு ‘டங்’ என்று சத்தம் வரும். காயிலுக்குப் பதில் முறுகும் கம்பியே ஸ்பிரிங்காக உள்ள டார்ஷன் பார் வண்டியில் போல்ட்டை முறுக்கி உயரம் ஏற்றுவதும் இதே வகைதான். சேஸிஸை விட்டுவிட்டு கேபினையும் தொட்டியையும் மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்ட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அது சஸ்பென்ஷனையே தொடுவதில்லை.

சரி, எதைத்தான் போடுவது? ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்த செட்டைப் போடுங்கள். அதை வாங்கும் முன் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். வழக்கமாக எதையெல்லாம் ஏற்றுவீர்களோ, அதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போங்கள்: முன்பக்க ஸ்டீல் பம்பர், வின்ச், கருவிப் பெட்டி, தண்ணீர் டேங்க், மேலே கேரியர், உள்ளே ஆட்கள். முன் ஆக்சில் எடை, பின் ஆக்சில் எடை இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது. எப்போதும் 300 கிலோ ஏற்றுகிறவருக்கான லீஃப் கட்டை, பெரும்பாலும் காலியாக ஓட்டுகிறவருக்குப் போட்டால் பின்பக்கம் கல் மாதிரி குதிக்கும். குதிக்கிற சக்கரத்துக்குத் தரையில் பிடி இருக்காது. மழையில் பிரேக் அடித்தால் வால் ஆடும். “ஹெவி டியூட்டி போட்டுடுங்க, எதுக்கும் இருக்கட்டும்” என்று சொல்பவர்களைத் தயவுசெய்து யோசிக்கச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டி அதிக எடை சுமக்கும் என்பது பொய். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மொத்த எடை அளவு சேஸிஸ், ஆக்சில், பேரிங், பிரேக், டயர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது. ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டி பின்னால் தொங்காது, பார்க்க நிமிர்ந்து நிற்கும். உள்ளே திணறுவது தெரியாது. பின்பக்கம் ஸ்பிரிங்குக்கு உதவியாகக் காற்றடைத்த ஏர்பேக் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லீஃப் கட்டு தன் சுமையை முன்னும் பின்னும் இரண்டு முனைகள் வழியாக சேஸிஸுக்குக் கொடுக்கிறது. ஏர்பேக், ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் சேஸிஸை முட்டுக்கொடுக்கிறது. வாலில் பாரம், பின்னால் டிரெய்லர், அதோடு குண்டும் குழியும் சேர்ந்தால் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே சேஸிஸ் வளையும். தொட்டிக்கும் கேபினுக்கும் உள்ள இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று இருந்தால் அன்றே வண்டியை நிறுத்திக் காட்டுங்கள்.

இனி மாட்டும் வேலை. வீட்டிலேயே செய்கிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: ஸ்ட்ரட்டின் நடு நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் கழற்றாதீர்கள். அந்தக் காயில் பல நூறு கிலோ விசையோடு அடங்கியிருக்கிறது. நட்டு விட்டதும் தாடையையோ மண்டையையோ உடைத்துக்கொண்டு போகும். இரண்டு கொக்கிகள் வைத்த மலிவான ஸ்பிரிங் கம்ப்ரெஸரில் (ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி) இம்பாக்ட் கன் போட்டு முறுக்காதீர்கள். முடியாவிட்டால் ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வாருங்கள்; எந்தப் பட்டறையிலும் அமுக்கி மாற்றித் தருவார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பதை இன்னும் எத்தனை தடவை சொல்வது?

ஆர்ம் புஷ் போல்ட்டுகளைப் பற்றி ஒன்று, இதைத் தொழில் செய்கிறவர்களே தவறுகிறார்கள். சக்கரம் தொங்கும்போது அந்தப் போல்ட்டை முழுக்க இறுக்கக் கூடாது. அந்த ரப்பர் புஷ் உருளுவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கி நிற்கும்போதே ரப்பர் முறுகிய நிலையில் இருக்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். கையால் லேசாக முடுக்கிவிட்டு, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும். லீஃபின் கண் புஷ்களுக்கும் ஷாக்கிளுக்கும் இதே முறைதான்.

பிரேக் ஹோஸை, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது விரலால் அமுக்கிப் பாருங்கள். தொய்வு இருக்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தால் நீளமான ஹோஸ் போடாமல் வண்டி வெளியே போகக் கூடாது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள். பக்கத்திலேயே போகும் ஏபிஎஸ் சென்சார் வயருக்கும் இது பொருந்தும். சில பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸில் உள்ள ஒரு வால்வுக்கு மெல்லிய கம்பி போகும். வண்டியில் பாரம் எவ்வளவு என்று பார்த்து அது பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். நீங்கள் பின்பக்கத்தை உயர்த்தினால், வண்டி காலி என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பாரத்தோடு இறக்கத்தில் வரும்போதும் பின் பிரேக்குக்குக் குறைவான அழுத்தமே போகும். அந்தக் கம்பியின் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்கு மாற்றாமல் விட்ட வண்டிகள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

முன் ஆக்சிலில் பிளாக் வைக்கவே கூடாது. பின்னாலும் பிளாக் மேல் பிளாக் அடுக்கக் கூடாது. யூ போல்ட் ஒரு முறைக்குத்தான். இறுக்கும்போது அது நீண்டுதான் பிடி கொடுக்கிறது, கழற்றி மறுபடி போட்டால் அந்தப் பிடி வராது. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். உயர்த்தியதில் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்திருக்கும், ஸ்டீயரிங் நேராகத் திரும்பி வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். இருக்கிற ஆர்மில் சரிசெய்ய முடியாவிட்டால் அதற்கென்று செய்த அப்பர் ஆர்ம் போட வேண்டியிருக்கும். ஹெட்லைட்டை இறக்கி வையுங்கள், எதிரே வருகிறவர் கண் கூசும். கண்ணாடியில் கேமராவும் முன்னால் ரேடாரும் உள்ள வண்டி என்றால் அவற்றையும் மறுபடி அளவு செய்ய வேண்டும். மாற்றத்தைப் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டிலும் சொல்ல வேண்டுமா என்று வேலைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

வேலைக்கு முன்பும் பின்பும் நாலு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அந்தக் காகிதம்தான் சொல்லும்.

போன வாரம் வந்த அந்த வண்டிக்குப் புது சென்டர் போல்ட், புது யூ போல்ட் போட்டோம். பிளாக்கை எடுத்துவிட்டு, வண்டிக்காரர் கொண்டுவந்த எடைமேடைச் சீட்டைப் பார்த்து வேறு லீஃப் கட்டு போட்டோம். 100 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500இல் ஒரு தடவை வந்து நட்டை இறுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். 100இல் வந்தார். புது லீஃப் படிந்து உட்காரும்போது யூ போல்ட் கொஞ்சம் தளர்வது இயல்புதான். எட்டு நட்டில் மூன்று, கால் சுற்றுக்கு மேல் திரும்பின. ரெஞ்ச் ‘டக்’ என்று நிற்கும் வரை அவரையே பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டினேன். 500க்கு வரும் சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.