காரைத் துண்டின் முதுகைத் தேய்க்காதீர்கள்

பண்டை ரோமானிய வீடுகளின் இடிபாடுகளிலிருந்து ஆய்வகத்துக்கு வரும் சுவர்க்காரைத் துண்டுகளில் பல, வண்ண முகப்பு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக நன்றாகத் தேய்த்துக் கழுவப்பட்டே எங்கள் மேசைக்கு வருகின்றன. நல்லெண்ணத்தில் செய்வதுதான்; ஆனால் எங்களுக்கு வேண்டிய சான்றில் பாதி அந்த வாளித் தண்ணீரிலேயே போய்விடுகிறது.

துண்டின் பின்புறத்தில் நாணல் தட்டையின் அச்சு பதிந்திருந்தால், அது சுவரிலிருந்து அல்ல, விதானத்திலிருந்து விழுந்தது என்று கொள்ளலாம். வளைவான விதானங்களுக்கு நாணலைக் கட்டி அதன்மேல் காரை பூசும் முறையைப் பண்டை ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலின் ஏழாம் பகுதியில் விவரிக்கிறார். சுவருக்கு மணற்காரை மூன்று, பளிங்குத்தூள் காரை மூன்று என ஆறு பூச்சுகள் வேண்டும் என்பதும் அவர் வகுத்த விதியே. ஆனால் துண்டைப் பிசினில் பதித்து, குறுக்கே அறுத்து, 0.03 மி.மீ. தடிமனுக்கு இழைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயியின் வீடுகளிலேயே அந்த ஆறும் முழுமையாக இருப்பது அரிது. (கொத்தனாரும் ஏட்டு விதியும் அன்றும் ஒத்துப்போகவில்லை போலும்.) அடிப்பூச்சில் தெரியும் ஆகைட் என்னும் கரிய எரிமலைக் கனிமப் படிகங்கள், அது எரிமலை மணல் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

வண்ணத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. எந்தத் தனிமங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி பாதரசத்தைக் காட்டினால், சாதிலிங்கம் என்னும் பாதரசச் சிவப்பு நிறமி என்று ஊகிக்கலாம். இரும்பைக் காட்டினால் காவி என்பதோடு நின்றுவிட வேண்டும். ஏனெனில் மஞ்சட்காவி சூட்டில் தன் நீரை இழந்து செங்காவியாகிவிடும், பொ.ஆ. 79-இல் வெசூவியஸ் எரிமலை கக்கிய வெப்பத்தில் பொம்பெயியின் சில மஞ்சள் சுவர்கள் அப்படித்தான் சிவந்தன. இரண்டிலும் இருப்பது இரும்பே என்பதால், ஒரே சுவரில் மஞ்சள் சிவப்பாகத் திரியும் ஓரங்களைக் கண்ணால் தேடுவதே நம்பகமான வழி. சாதிலிங்கமோ ஒளியும் குளோரைடும் சேர்ந்தால் கறுத்துவிடும்.

எகிப்திய நீலம் என்னும் பண்டைய செயற்கை நிறமி மட்டும் தாராளமானது: சாதாரண ஒளியைப் பாய்ச்சி அகச்சிவப்புப் படம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைத் துகளும் ஒளிரும். ஆனால் ஈரக்காரையில் பதியாமல், காய்ந்தபின் மேலே தீட்டிய வண்ணம் தூரிகை பட்டாலே உதிர்ந்துவிடும். உப்புப்படிவை நீக்க நீர்த்த அமிலம் ஊற்றுவதோ அதைவிட மோசம். பொங்கி நுரைப்பது சுண்ணாம்பே, அதாவது காரையேதான். மேற்பரப்பில் மெழுகு கிடைத்தாலும் ரோமானியர் பூசியது என்று உடனே எழுதிவிடக் கூடாது. பிற்காலத்துப் பராமரிப்பாளர்களும் மெழுகு பூசியிருக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு அறையிலிருந்தும், வண்ணமே இல்லாதவை உட்பட, சில துண்டுகளையாவது மண் ஒட்டியபடியே நிழலில் உலரவிட்டு, கிடந்த இடத்தைக் குறித்து, கழுவியவற்றோடு கலக்காமல் தனியாக அனுப்புங்கள்.