எம்ஆர்என்ஏ ஏறினால் புரதமும் ஏறுமா?

"கட்டித் திசுவில் இந்த மரபணுவின் வெளிப்பாடு நான்கு மடங்கு கூடியிருக்கிறது. ஆகவே இந்தப் புரதம் மருந்துக்கு நல்ல இலக்கு." தரவுப் பகுப்பாய்வுக்காக என் மேசைக்கு வரும் வரைவுகளில் இந்த மாதிரி வரிகள் சர்வ சாதாரணம். முதல் வாக்கியம் அளந்து பார்த்தது; அதுவும் புரதத்தை அல்ல, அதைத் தயாரிக்கச் செல் பயன்படுத்தும் மரபணு நகலான எம்ஆர்என்ஏவை. இரண்டாவது வெறும் ஊகம். நடுவில் இருக்கும் அந்த "ஆகவே"தான் சிக்கல்.

ஆக்சிஜன் குறைவைச் சமாளிக்கச் செல்லுக்கு உதவும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செல் இந்தப் புரதத்தை ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் அதன் மேல் ஹைட்ராக்சில் என்ற வேதிக் குறி விழும். உடனே விஎச்எல் என்ற புரதம் அதை அடையாளம் கண்டு, புரோட்டியசோம் என்ற செல்லின் புரதச் சிதைப்பு எந்திரத்தில் சிதைய வைத்துவிடும்; சில நிமிடங்களில் காலி. ஆக்சிஜன் குறைந்தால் சிதைப்பது நிற்கும், புரதம் குவியும். எம்ஆர்என்ஏ அளவோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். 2019 மருத்துவ நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பில் இதுவும் அடக்கம். அப்படியானால் ஆர்என்ஏ தரவு வீணா? இல்லை. ஹிஃப் தூண்டிவிடும் விஇஜிஎஃப்-ஏ, சிஏ9 போன்ற மரபணுக்களைப் பாருங்கள், அங்கே ஏற்றம் தெரியும்.

சிதைவு மட்டுமல்ல, தயாரிப்பையும் தடுத்து வைக்க முடியும். இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதத்தின் எம்ஆர்என்ஏ தயாராகவே இருக்கும், ஆனால் இரும்பு குறைவாக உள்ளபோது வேறொரு புரதம் அதன் மேல் உட்கார்ந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோமை நெருங்க விடாது.

அப்புறம் நேரம். எலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் 2011-இல் நடந்த ஆய்வொன்றில் எம்ஆர்என்ஏவின் இடைநிலை அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் நேரம்) சுமார் 9 மணி நேரம், புரதத்துக்கோ சுமார் 46 மணி நேரம். ஒரு மரபணுவை அடக்கும் மருந்து கொடுத்து ஆறு மணி நேரத்தில் ஆர்என்ஏவையும் புரதத்தையும் சேர்த்து எடுத்தால், ஆர்என்ஏ இறங்கியிருக்கும். ஏற்கெனவே இருந்த புரதம் அப்படியே நிற்கும். புரதத்தைக் காட்டும் சோதனையான "வெஸ்டர்ன் பிளாட் சொதப்பிவிட்டது" என்று மாணவர்கள் புலம்புவார்கள். பிளாட் பாவம், சரியாகத்தான் சொல்லியிருக்கும்.

அதிகம் ஏமாற்றுவது ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண் (முழுதும் சேர்ந்தே போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0). ஒரே நோயாளியின் திசு மாதிரியில் எல்லா மரபணுக்களையும் வரிசையாக வைத்து ஆர்என்ஏவையும் புரதத்தையும் ஒப்பிடுவது ஒரு கணக்கு. ஆக்டினும் ரைபோசோம் புரதங்களும் இரண்டிலும் உச்சத்தில் இருக்கும், சில மரபணுக்கள் இரண்டிலும் அடிமட்டத்தில் கிடக்கும். அதனால் கெழு ஓரளவு நன்றாக வரும். ஒரே மரபணுவை எடுத்து, ஆர்என்ஏ கூடிய நோயாளிக்குப் புரதமும் கூடியிருக்கிறதா என்று நோயாளிக்கு நோயாளி பார்ப்பது வேறு கணக்கு. நமக்குப் பெரும்பாலும் வேண்டியது இரண்டாவதுதான். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் 2014-இல் வெளிவந்த புரதத் தொகுப்பு ஆய்வில் முதல் கணக்கின் சராசரி 0.47, இரண்டாவதன் சராசரி 0.23. வரைவுகளில் முதல் எண்ணைக் காட்டி இரண்டாவது முடிவுக்குத் தாவுகிறார்கள்.

சில மார்பகப் புற்றுநோய்களில் காணும் ஹெர்2 போல மரபணுவே பல பிரதிகளாகப் பெருகிய இடங்களில் ஆர்என்ஏவும் புரதமும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும். ஆனாலும் ஹெர்2 புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய, வழக்கமாகத் திசுவுக்குச் சாயமேற்றி செல் சவ்வில் புரதம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். சாய மதிப்பெண் 2+ என்று இரண்டுங்கெட்டானாக வந்தால், ஒளிரும் குறிகளைப் பயன்படுத்தும் ஃபிஷ் சோதனையில் மரபணுப் பிரதிகளை எண்ணுவார்கள்.

எம்ஆர்என்ஏ மாறாமல் புரதம் மட்டும் குறைந்திருந்தால் செல்களுக்கு எம்ஜி-132 என்ற வேதிப்பொருளைக் கொடுத்து புரோட்டியசோமை நிறுத்திப் பாருங்கள். புரதம் திரும்பி வந்தால் சிதைவைச் சந்தேகிக்கலாம், வராவிட்டால் தயாரிப்புப் பக்கம் தேட வேண்டும். புரதத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் ஆன்டிபாடி சரிதானா என்பதை, அந்த மரபணுவை நீக்கிய செல்லை வைத்து அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இதற்கெல்லாம் வசதி இல்லையென்றால் பரவாயில்லை, "எம்ஆர்என்ஏ கூடியிருக்கிறது" என்று மட்டும் எழுதுங்கள்.