மூடிய பின்னூட்டம் ஏன் மூடுவதில்லை? வேர்ட்பிரஸ் உள்ளே நடப்பது

திருகோணமலையைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதிவரும், வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இயங்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். அறுநூறு பதிவுகள் இருக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கோணேசர் கோயில், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு, கொழும்பு இரவு ரயிலின் நேரம் என்று எல்லாவற்றின் கீழும் பின்னூட்டப் பெட்டி இருக்கிறது. குப்பைக் கருத்துகள் குவிந்ததும், தளத்தை நடத்துபவர் செட்டிங்ஸ் பட்டியலில் உள்ள டிஸ்கஷன் பக்கத்துக்குப் போகிறார். புதிய பதிவுகளில் கருத்துரைக்க அனுமதிக்கும் கட்டத்திலிருந்து சரிக்குறியை எடுத்துவிட்டுச் சேமிக்கிறார். மறுநாள் காலையில் அதே பழைய பதிவுகளின் கீழ் அதே குப்பை வந்து கிடக்கிறது.

தளத்துக்குள் யாரும் புகுந்துவிடவில்லை, எதுவும் பழுதாகவும் இல்லை. அந்தக் கட்டத்தின் பெயரிலேயே "புதிய" என்ற சொல் இருக்கிறது. வேர்ட்பிரஸ் அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறது.

ஒவ்வொரு பதிவும் தரவுத்தளத்தின் அட்டவணை ஒன்றில் ஒரு வரிசை. தலைப்பு, உள்ளடக்கம், தேதி ஆகியவற்றோடு "கமென்ட் ஸ்டேட்டஸ்" என்றொரு நிரலும் அந்த வரிசையில் உண்டு. அதில் "ஓப்பன்" அல்லது "குளோஸ்ட்" என்று எழுதியிருக்கும். டிஸ்கஷன் பக்கத்தில் இருக்கும் சரிக்குறி, பதிவு பிறக்கும்போது ஒரேயொரு தடவை இந்த நிரலுக்குள் நகலாகிறது. அதன்பின் பதிவு அந்தச் சரிக்குறியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. குடும்பம் வீடு மாறினாலும் பிறப்புச் சான்றிதழில் உள்ள ஊர் மாறாது அல்லவா, அதே கதைதான். அறுநூறு பதிவுகளும் "ஓப்பன்" என்று பிறந்தவை, அப்படியே இருக்கின்றன.

பதிவுகள் மட்டுமென்றும் நினைக்க வேண்டாம். "எங்களைப் பற்றி" போன்ற நிலைப் பக்கங்கள் 2015இல் வெளியான 4.3 பதிப்பிலிருந்துதான் மூடிய நிலையில் பிறக்கின்றன. அதற்கு முன் உருவாக்கியவை திறந்தே கிடக்கலாம். ஏற்றிய படங்களும் அதே அட்டவணையில் தனித்தனி வரிசைகளே. பழைய தளங்களில் ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கமும் அதன் கீழ் பின்னூட்டப் பெட்டியும் உண்டு. 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் தளங்களில் அந்தப் படப்பக்கங்கள் இல்லை. முன்பே இருந்த தளங்களில் அவை தொடர்கின்றன. கோபுரப் படமொன்றின் கீழ் நூற்றுக்கணக்கில் குப்பை சேர்வது இந்த வழியாகத்தான்.

இன்னொரு நிரல் "பிங் ஸ்டேட்டஸ்". வேறொரு தளம் உங்கள் பதிவுக்கு இணைப்புக் கொடுத்தால் தானாக வரும் அறிவிப்பை ஏற்பதா இல்லையா என்பதை அது தீர்மானிக்கிறது. கருத்தை மூடினால் இது மூடாது. இரண்டையும் தனித்தனியாக மூட வேண்டும்.

இனி, குப்பை எப்படி வருகிறது என்று பார்ப்போம். அனுப்புபவை பெரும்பாலும் தானியங்கி மென்பொருள்கள். அவை பக்கத்தைத் திறந்து பெட்டியில் தட்டச்சுச் செய்வதில்லை. ஒவ்வொரு வேர்ட்பிரஸ் தளத்திலும் கருத்தைப் பெற்றுக்கொள்ளும் கோப்பு ஒன்று, ஒரே பெயரில், ஒரே இடத்தில் இருக்கிறது. பதிவின் எண்ணையும் கருத்தையும் நேரே அந்தக் கோப்புக்கு அனுப்பிவிடுகின்றன. அதனால் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமில் கைவைத்துப் பெட்டியை மறைப்பது பயன்தராது: வாசகருக்கு வழி அடைபடும், மென்பொருளுக்கு அடைபடாது. கருத்துகளில் உள்ள இணைப்புகளுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாமென்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் குறியை 2005இலிருந்தே வேர்ட்பிரஸ் சேர்த்துவருகிறது. குப்பை நின்றுவிடவில்லை, ஏனெனில் ஒரு லட்சம் கருத்தை அனுப்பவும் அவர்களுக்குச் செலவு ஏறக்குறைய எதுவுமில்லை.

கருத்து வந்ததும் அந்தக் கோப்பு ஒரு கேள்வி கேட்கிறது: இந்தப் பதிவு திறந்திருக்கிறதா? வேர்ட்பிரஸ் வரிசையைப் பார்த்துப் பதிலை எடுக்கிறது. ஆனால் உடனே கொடுப்பதில்லை. ஃபில்டர் எனப்படும் ஒரு பாதை வழியாகப் பதிலை அனுப்புகிறது. பிளகின் எனப்படும், தளத்தில் நாம் சேர்க்கும் துணை மென்பொருள் எதுவும் அந்தப் பாதையில் நின்று பதிலை மாற்றலாம். பின்னூட்டத்தை நிர்வகிக்கும் பிளகின்கள் இரண்டு இனமாகப் பிரிவது இங்கேதான். நிறுவும் முன் எந்த இனம் என்று தெரிந்துகொள்வது, பிளகினின் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்ப்பதைவிட முக்கியம்.

முதல் இனம் வரிசைகளைத் திருத்தி எழுதும். ஒரு பொத்தானை அழுத்தினால் அறுநூறு நிரல்களும் "குளோஸ்ட்" ஆகிவிடும். பிறகு பிளகினை நீக்கினாலும் மூடியது மூடியதுதான். இதன் சிக்கல் திரும்பி வரும்போது தெரியும். முன்பு 40 பதிவுகளை நீங்களே யோசித்து மூடியிருந்தால், எல்லாவற்றையும் மீண்டும் திறக்கும்போது அந்த நாற்பதும் சேர்ந்தே திறக்கும். எது எதை மூடினோம் என்ற தகவல் அழிந்துபோயிருக்கும்.

இரண்டாம் இனம் வரிசையைத் தொடாது. ஃபில்டர் பாதையில் நின்று, கேட்கும்போதெல்லாம் "மூடியிருக்கிறது" என்று பதில் சொல்லும். டிஸேபிள் கமென்ட்ஸ் என்ற பரவலான பிளகின் இந்த இனம். தளம் முழுவதற்கும் மூடலாம், அல்லது பதிவு, பக்கம், படம் என்று வகை பார்த்து மூடலாம். அதை நிறுத்தினால் ஒவ்வொரு பதிவும் தன் பழைய நிலைக்கு அப்படியே திரும்பும். அதன் வசதியும் ஆபத்தும் இதுவே. தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போதோ, அப்டேட் பிழையால் பிளகின் செயலிழந்தாலோ, அந்த நிமிடமே எல்லாம் திறந்துவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பதிவை மூடுவதால் பழைய கருத்துகள் மறையாது. ஆனால் இந்தப் பிளகின் இயல்பாக அவற்றையும் வாசகர் கண்ணிலிருந்து மறைக்கிறது. தரவுத்தளத்தில் அவை பத்திரமாக இருக்கும். வாசகருக்கு அது தெரியாது, தாங்கள் எழுதியதை அழித்துவிட்டார்கள் என்றே நினைப்பார்கள்.

பிளகின் இல்லாமலே பதிவுகளை மூட ஒரு வழி உண்டு. பதிவுகள் பட்டியலில் எல்லாவற்றையும் தேர்ந்து, பல்க் எடிட் வழியாகக் கருத்தை "அனுமதிக்காதே" என்று மாற்றி அப்டேட் கொடுக்கலாம். பட்டியலில் ஒரு தடவைக்கு 20 பதிவுகள்தான் காட்டும். மேலே உள்ள ஸ்கிரீன் ஒப்ஷன்ஸில் அந்த எண்ணை உயர்த்தலாம். 999 வரை ஏற்கும் என்பதால் பலர் அதையே போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். தேர்ந்த பதிவுகளின் எண்கள் எல்லாம் முகவரிப் பட்டையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. பல தளங்களை இயக்கும் அப்பாச்சி என்ற சேவையக மென்பொருள் வழக்கமாக ஏற்கும் நீளம் 8190 பைட். ஐந்நூறு பதிவுகளை நெருங்கும்போது முகவரி மிக நீளம் என்று 414 பிழை வரும். 100 முதல் 200 வரை வைத்துச் செய்தால் பிரச்சினை இல்லை. படங்களுக்கு இந்த வழி இல்லை, மீடியா பட்டியலின் பல்க் தெரிவுகளில் கருத்து அமைப்பே கிடையாது. படங்களை மூடப் பிளகின்தான் சுலபம்.

வேர்ட்பிரஸ் தானே வைத்திருக்கும் இன்னொரு வசதி, இத்தனை நாள் கடந்த பதிவுகளைத் தானாக மூடுவது. இயல்பில் 14 நாள் என்றிருக்கும், ஆனால் இயங்காத நிலையில். சரிக்குறி போட்டால் இது ஃபில்டர் வழியாக வேலை செய்வதால் பழைய அறுநூறு பதிவுகளும் அக்கணமே மூடும். எல்லாவற்றையும் மூட எண்ணி இங்கே 0 போடுவது வழக்கமான தவறு. 0 என்றால் இந்த விதியே இல்லை என்றுதான் வேர்ட்பிரஸ் எடுத்துக்கொள்ளும். 1 போட வேண்டும். கருத்தில் எத்தனை இணைப்பு இருந்தால் தடுத்துவைப்பது என்ற எண்ணிலும் இதே பொறி இருக்கிறது. இயல்பாக அது 2. ஒரு இணைப்பைக்கூட விடக்கூடாது என்று 0 போட்டால் சோதனையே நின்றுவிடும், அங்கேயும் 1தான் சரி. நாள் கணக்கு பதிவுகளுக்கு மட்டும். நிலைப் பக்கங்களுக்கும் படங்களுக்கும் பொருந்தாது.

ஊர்த் தளங்கள் எல்லாவற்றையும் மூடுவது எமக்கு உடன்பாடில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் மக்களை ஏற்றி இறக்கிய படகைப் பற்றி ஒரு பதிவு இருந்தால், அதன் கீழ் வரும் நினைவுகள் பதிவைவிடப் பெறுமதியானவை. அவை பத்து ஆண்டு கழித்தும் வரும். நாள் கணக்கு விதியில் அப்படியான பதிவுக்கு விலக்குக் கொடுக்க இடமில்லை. ஆகவே பதிவுகளை வகை வாரியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பதிவுகள் பட்டியலிலேயே வகையைத் தேர்ந்து வடிகட்டலாம். ரயில், பஸ் நேரம் போன்ற காலாவதியாகும் வகைகளை பல்க் எடிட்டில் மூடுங்கள். நினைவு, வரலாறு வகைகளைத் திறந்தே விடுங்கள். பக்கங்களையும் படங்களையும் இரண்டாம் இனப் பிளகினில் வகையளவில் மூடுங்கள். முதல் தடவை கருத்தெழுதுபவரை மட்டும் நிறுத்திப் பார்க்கும் தெரிவை வைத்துக்கொண்டால் நாளாந்த வேலை மிகக் குறைவு.

திறந்துவைக்கும் பதிவுகளுக்குச் சொல் வடிகட்டி தேவைப்படும். தமிழில் எழுதுபவர்கள் கட்டாயம் அறியவேண்டிய இடம் இது. டிஸ்கஷன் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் உள்ளன. ஒன்றில் உள்ள சொல் கருத்தில் வந்தால் அது உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். மற்றதில் உள்ள சொல் வந்தால் நேரே குப்பைத் தொட்டி, 30 நாளில் அழிவு. வரிக்கு ஒரு சொல். வேர்ட்பிரஸ் சொல்லாகப் பார்ப்பதில்லை, எழுத்துக் கோர்வையாகப் பார்க்கிறது. உடனடிக் கடன் விளம்பரத்தைத் தடுக்க "கடன்" என்று போட்டால், கோணேசர் கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்தவர் எழுதிய கருத்தும் அதில் சிக்கும். அதேவேளை "கடனை", "கடனுக்கு" என்று எழுதிய விளம்பரம் தப்பிவிடும். கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் "ன்" என்பது "ன" என்ற குறியீடும் புள்ளியும் சேர்ந்தது. "னை" என்றால் புள்ளியின் இடத்தில் ஐகாரக் குறி வந்துவிடும். கோர்வை பொருந்தாது. "பந்தயம்" என்று போட்டாலும் இதே நிலை: படகுப்பந்தயம் அகப்படும், "பந்தயத்தில்" தப்பும்.

"லொத்தர்" போன்ற சொல்லில் இன்னும் நுணுக்கம் இருக்கிறது. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வடிகட்டிக்கு வேறு வேறு. இரண்டு வடிவத்தையும் இரண்டு வரிகளில் போட வேண்டும். பொதுவாக ஒற்றைச் சொல்லைவிட விளம்பரத்தில் வரும் முழுத் தொடரைப் போடுவது துல்லியம். தமிழ்ச் சொற்களைக் குப்பைத் தொட்டிப் பெட்டியில் போடவே வேண்டாம், காத்திருக்கும் பெட்டியே போதும். தவறாகச் சிக்கிய கருத்தை அங்கேயிருந்து விடுவிக்கலாம்.

ஐபி முகவரியைத் தடுப்பதும் இதே பெட்டிகளில்தான். கைபேசி இணையத்தில் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள். ஒருவரைத் தடுத்தால் பக்கத்து ஊர் வாசகர்களும் சேர்ந்து தடைபடுவார்கள். நாடு பார்த்துத் தடுக்கும் பிளகின்களை ஊர்த் தளங்கள் தொடக்கூடாது. ரொரன்ரோவிலும் லண்டனிலும் இருந்து ஊர் நினைவில் எழுதுகிறவர்களே முதலில் வெளியே நிற்பார்கள். ஒரே முகவரியிலிருந்து 15 வினாடிக்குள் இரண்டாவது கருத்து வந்தால், மிக வேகமாக அனுப்புகிறீர்கள் என்று வேர்ட்பிரஸ் மறுத்துவிடும். பாடசாலைக் கணினி அறையில் மாணவர்கள் ஒரே நேரத்தில் கருத்தெழுதினால் இது நடக்கும். சற்றுப் பொறுத்து அனுப்பினால் போய்விடும்.

அழிப்பதைப் பற்றி அழுத்தமாகச் சொல்லவேண்டியது ஒன்று. பல பிளகின்களில் எல்லாக் கருத்தையும் ஒரேயடியாக நீக்கும் கருவி இருக்கிறது. அழித்தது திரும்பாது. உப்புவெளியில் ஒரு விடுதி அதே தளத்தில் வூகொமர்ஸ் என்ற விற்பனைப் பிளகினைப் போட்டு விற்பனை செய்தால், வாடிக்கையாளர் எழுதிய மதிப்புரைகளும், ஒவ்வொரு ஓர்டரின் உள்ளேயும் சேரும் குறிப்புகளும் இதே கருத்து அட்டவணையில்தான் இருக்கின்றன. அட்டவணையைக் காலிசெய்தால் அவையும் போகலாம். ஆகவே கருத்து, கருத்தின் மேலதிகத் தகவல், பதிவு ஆகிய மூன்று அட்டவணைகளையும், தரவுத்தளத்தைக் கையாளும் பிஎச்பி மைஅட்மின் என்ற கருவி வழியாக முதலில் ஏற்றுமதி செய்து, தளம் இருக்கும் சேவையகத்துக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். அட்டவணைப் பெயரின் முன்னொட்டுத் தளத்துக்குத் தளம் மாறலாம், சரிபார்த்து எடுங்கள்.

எல்லாம் செய்து முடித்ததும், சேமித்துவைத்த பக்க நகல்களான கேஷைக் காலிசெய்யுங்கள். இல்லையென்றால் பழைய பக்கமே வாசகருக்குப் போய்க்கொண்டிருக்கும். பெட்டி தெரியும், அவர் நீளமாக எழுதி அனுப்பியதும் கருத்துகள் மூடப்பட்டுள்ளன என்ற பிழைதான் வரும். பிறகு லொகின் செய்யாத தனிச் சாளரத்தைத் திறந்து, பழைய பதிவு ஒன்று, புதிய பதிவு ஒன்று, நிலைப் பக்கம் ஒன்று, படப்பக்கம் ஒன்று என நான்கையும் பாருங்கள். திறந்துவைத்த பதிவில் "நேர்த்திக்கடன்" என்ற சொல்லோடு ஒரு கருத்தை அனுப்பி, அது எங்கே போய் நிற்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.